கடலோரத்து ஸ்ட்ராபெர்ரி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விவசாய சம்பந்தமான பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நெல்லையும் வாழையையும் பற்றி இங்குள்ளோர் பலர் எம்மினும் நன்கறிவர். ஆதலின், மலைக்கு உல்லாசமாகச் சென்றபோது மட்டும் நம்மிற் பலர் கண்டிருக்கக்கூடிய ஒரு சிறு பழத்தை எடுத்துக்கொண்டோம். கொடைக்கானலிலும் உதகையிலும் சிறு பெட்டிகளில் அடுக்கி விற்கும் ஸ்ட்ராபெர்ரியே அது. நம் பக்கத்தில் மலையில் விளையும் இப்பழம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் கடலோரத்தில் விளைகின்றது. அந்நாடு விளைவிக்கும் ஸ்ட்ராபெர்ரியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அம்மாகாணத்தினுடையதே. அக்கடற்கரைக்கென்று ஒரு புதிய வகையை உண்டாக்குவது எத்தகைய வேலை, அதில் யார் யாருடைய பிழைப்பு அடங்கிக் கிடக்கின்றது என்பதை இன்று சொல்லப் புகுகின்றோம்.

முன்னதாகப் பழத்தைப் பற்றி ஒரு சொல். நாம் உண்ணும் செஞ்சதை, தாவர நூலார் கணக்கிற் கனியே அன்று. பூவைத் தாங்கிய அடிப்பாகம் பருத்துச் சாறேறியதே அது. அதன் மேற்புறத்தில் எள்ளினும் சிறியனவாய்ப் பதிந்திருக்கும் மணிகளே உண்மையான கனிகள். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு வித்து உண்டு. பழம் ஒன்றில் ஏறக்குறைய 200 மணிகள் இருக்கும். அவற்றை விதைத்தால் முளைக்கும். ஆனால் 200 செடியும் 200 விதமாக இருக்கும், தாயைப்போல் ஒன்றும் இராது. இதனால் உழவன் இதனை விதையிட்டு வளர்ப்பதில்லை. தாய்ச்செடி தரையோடு நீட்டும் ஓடுதண்டுகள் கணுவில் வேரூன்றிக் குட்டிச்செடிகளைத் தருகின்றன. அவற்றையே பிரித்து நடுகின்றான். நம் வீட்டுக் கொல்லையில் வாழைக்கன்றைப் பெயர்த்து நடுவது போலத்தான். ஆகவே ஒரு வகை என்பது, எத்தனை காதம் பரந்து கிடந்தாலும், உண்மையில் ஒரே செடி. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

இச்செடியின் பிறப்பே கடற்கரையோடு ஒட்டியது. 1712-ஆம் ஆண்டில், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பணியிலிருந்த பிரெசியே என்னும் பொறியாளர் தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் கப்பலேறினார். ஸ்பானியரின் கோட்டை கொத்தளங்களை வணிகர் வேடத்தில் நோட்டமிடுவதே அவருக்கு இட்ட வேலை. சிலி நாட்டுக் கொன்செப்சியோன் நகரருகே, ஐரோப்பாவிற் காணாத பருமனுடைய ஸ்ட்ராபெர்ரிகளைக் கண்டார். அவை அந்நாட்டு மாபூச்சே மக்கள், ஸ்பானியர் வருமுன்பே நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தவை. கோட்டைகளின் படத்தோடு அச்செடிகளையும் எடுத்துக்கொண்டு 1714-ல் திரும்பினார். பல மாதக் கடற்பயணத்திற் குடிநீர் அரிது. அந்நீரிற் செடிக்கும் பங்கு கேட்க வேண்டியிருந்தது. பிழைத்துக் கரை சேர்ந்தவை ஐந்தே செடிகள். தண்ணீர் தந்த உபகாரத்துக்காக அவற்றுள் இரண்டைக் கப்பலின் சரக்குப் பொறுப்பாளருக்கே கொடுத்துவிட்டார்.

அச்செடிகள் பிரான்சிற் பூத்தன, காய்க்கவில்லை. காரணம், அவை அனைத்தும் பெண்செடிகள். நல்ல பழம் கண்ட செடியைத்தானே எவரும் பெயர்த்துக்கொண்டு வருவர்! பிரிட்டனி மாகாணத்துக் கடலோர ஊராகிய பிளூகாஸ்தெலில், குடியானவர்கள் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியினின்று வந்த வர்ஜீனிய ஸ்ட்ராபெர்ரி முதலியவற்றை இடையிடையே நட்டபோது, மகரந்தம் கிடைத்துச் சிலிச் செடிகள் காய்த்துத் தள்ளின. அவ்விரண்டின் சேர்க்கையிற் பிறந்ததே இன்று உலகெங்கும் உண்ணப்படும் ஸ்ட்ராபெர்ரி. இவ்வுண்மையை இன்னதென்று கண்டு 1766-ல் நூலில் எழுதியவர் துஷேன் என்னும் இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபதுக்குள்ளேதான்.

கலப்பு என்ற சொல்லைக் கேட்டு இச்சபையிற் சிலர் புருவத்தை நெரிப்பது எமக்குத் தெரிகின்றது. யாம் செடியைப் பற்றியே பேசுகின்றோம். மற்றதைப் பற்றிப் பேசுவோர் வேறு நாளிற் பேசுவார்களாக. ஆயினும் சிலியின் கடற்கரைத் தாயும் வர்ஜீனியத் தந்தையும் சேராதிருந்தால், இப்பழம் என்ற ஒன்றே இல்லை என்பதை மறைக்க இயலாது.

இனிக் கலிபோர்னியாவுக்கு வருவோம். அக்கரையை ஒட்டிப் பசிபிக் கடலில் வடக்கினின்று குளிர்ந்த நீரோட்டம் வருகின்றது. வேனிலில் ஆழத்துக் குளிர்நீரும் மேலெழுகின்றது. அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகிக் காலையில் வயல்களைப் போர்த்தியிருந்து, நண்பகலில் விலகுகின்றது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது வாட்சன்வில், சலினாஸ், சாந்தா மரியா முதலிய கரையோர ஊர்கள் குளிர்ந்தே இருக்கும். நம் சோழமண்டலக் கரையை மனத்திற்கொண்டு இதனை நினைத்தல் கூடாது. நம் கரையின் வெப்பத்தில் ஸ்ட்ராபெர்ரி ஒரு வேனிலையும் தாங்காது.

இத்தனை மாதம் குளிர்ந்த பருவம் கிடைத்தும், பழைய வகைகளால் அதனை முழுதும் பயன்படுத்த முடியவில்லை. ஸ்ட்ராபெர்ரி பகற்பொழுதின் நீளத்தை அளந்து பூப்பது. பகல் குறுகிய காலத்தில் மொட்டு வைக்கும், வசந்தத்திற் காய்க்கும், பகல் நீண்டதும் பூப்பதை நிறுத்தி ஓடுதண்டு விடத் தொடங்கும். நிலம் இருக்கின்றது, குளிர்ச்சி இருக்கின்றது, கூலியாட்கள் இருக்கின்றனர். பழம் மட்டும் இல்லை. கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் என்பவர், 1950-களின் நடுவில் யூட்டா மாகாணத்து வாசாட்ச் மலையினின்று ஒரு காட்டுச் செடியைக் கொணர்ந்தார். வர்ஜீனிய இனத்தைச் சேர்ந்த அது, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமற் பூப்பது. ஆனால் பழமோ சுண்டைக்காய் அளவு, சந்தைக்கு உதவாது. அதனைப் பெரும்பழச் செடியோடு கலந்து, பிறந்தவற்றுட் குணமுள்ளதைத் தேர்ந்து, மீண்டும் பெரும்பழச் செடியோடு கலந்து, இவ்வாறு தலைமுறை தலைமுறையாக முயன்று, விக்டர் வோத் என்பவருடன் சேர்ந்து முதல் வகைகளை வெளியிட்டபோது 1979-80 ஆகிவிட்டது. கால் நூற்றாண்டு! இன்று அக்கரையில் வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை பழம் பறிக்கும் குடும்பங்கள் அந்த மலைச்செடி ஒன்றின் உபகாரத்தில் உண்கின்றன.

வேலை எவ்வாறு நடக்கின்றது என்று கேட்கலாம். பூ விரியுமுன்பே மொட்டைத் திறந்து, மகரந்தப் பைகளைச் சிறு கருவியால் நீக்கிவிடுகின்றனர். பின்பு வேண்டிய தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வேறு மகரந்தம் படாமல் உறையிட்டு மூடுகின்றனர். பழம் பழுத்ததும் மணிகளைப் பிரித்து முளைக்க வைக்கின்றனர். இவ்வளவும் பொறுமையுள்ள ஒரு சிறுமியும் செய்யக்கூடியதே. அரிய பகுதி இதற்குப் பின்னரே உள்ளது.

ஆயிரக்கணக்கான நாற்றுகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனிச் சுபாவம். மனிதரிடத்தும் பெரும்பாலான விலங்குகளிடத்தும் குரோமோசோம்கள் இரண்டிரண்டாய் அமைந்திருக்க, இச்செடியில் எட்டெட்டாய் மொத்தம் 56 உள்ளன; ஆதலின் எது எதனோடு சேர்ந்து எங்கே வெளிப்படும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். வகையாக்குவோர் வரிசை வரிசையாய் நடந்து, பார்த்து, பறித்துச் சுவைத்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுகின்றனர். ஒன்று தித்திக்கும், லாரியில் ஏற்றினாற் குழைந்துவிடும். ஒன்று கல்லைப்போல் உறுதி, சுவையோ தண்ணீர். ஒன்றிற் பழம் அழகு, ஆனால் மூடுபனியின் ஈரத்திற் சாம்பற் பூசணம் பிடித்துவிடும். இன்னொன்று எல்லாவற்றிலும் தேறி, பழத்தை இலைக்குள் ஒளித்துவைத்துக்கொள்ளும். இதென்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். ஸ்ட்ராபெர்ரியைக் கையாலேயே பறிக்கின்றனர். பெரும்பாலும் மெக்ஸிகோவினின்று வந்த ஆண்களும் பெண்களும் நாள் முழுதும் இடுப்பை மடக்கிக் குனிந்தபடியே வரிசையில் நகர்கின்றனர். பறித்த பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பதும் உண்டு. பழம் புறத்தே தொங்கினால் அவர்கள் கைக்கு விரைவு; ஒளிந்திருந்தால் முதுகுக்கும் கூலிக்கும் இழப்பு. செடியின் காம்பு நீளத்தைத் தேர்வோர், அறிந்தோ அறியாமலோ, இன்னொருவரது முதுகெலும்பைப் பற்றித் தீர்ப்பளிக்கின்றனர் என்பது எமது கருத்து.

தேறிய சிலவற்றை ஓடுதண்டாற் பெருக்கி, கரையின் வெவ்வேறு ஊர்களில் நட்டு, ஆண்டுதோறும் நிறுத்துப் பார்க்கின்றனர். வாட்சன்வில்லில் வெற்றி பெற்றது தெற்கே ஆக்ஸ்னார்டிற் தோற்பதும் உண்டு. புகழ்பெற்ற ஆல்பியன் என்னும் வகை 1997-ல் நிகழ்த்திய சேர்க்கையிற் பிறந்து, 2004-ல்தான் வெளிவந்தது. இவ்வளவு காலமும் பொருளும் தனியொரு குடியானவனால் ஆகாதென்பது வெளிப்படை. சர்வகலாசாலை தன் முதல் ஐந்து வகைகளை 1945-ல் வெளியிட்டது. ஷாஸ்தா, லாசென் முதலியவை அவை. ஏறத்தாழ அக்காலத்திலேயே உழவர் சிலர் ஒன்றுகூடித் தமக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, சர்வகலாசாலை அறிஞர்களையே அழைத்துக்கொண்டனர். சங்கம் வைப்பவர்கள் தேநீர் அருந்தி விசாரிப்பதோடு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. பின்னாளில் எந்த வகை யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகளும் எழுந்து, 2017-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஜூரர்கள் சர்வகலாசாலையின் பக்கம் தீர்ப்புக் கூறினர். அவ்வியாச்சியத்தை விரித்தால் இன்றிரவு போதாது.

இப்போது, ஒரு வகை ஒரே செடி என்று முன்பு கூறியதை நினைவுகூர வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிற்கும்போது, அதனைக் கொல்லும் பூசணம் ஒன்று மண்ணிற் புகுந்தால் எங்கும் ஒருங்கே சாவுதான். அக்கரையோர நிலம் விலையுயர்ந்தது. பயிர் மாற்றி நிலத்தை ஆறவிட உழவனுக்கு மனம் வருவதில்லை. ஆண்டுதோறும் அதே நிலத்தில் அதே பயிர் என்றால் மண்ணில் நோய் சேர்கின்றது. இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டனர். 1960-கள் தொடங்கி, நடுவதற்கு முன் நிலத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மீதைல் புரோமைடு, குளோரோபிக்ரின் என்னும் நச்சுப்புகைகளை மண்ணிற் செலுத்தினர். பூசணமும் புழுவும் களையும் ஒழிந்தன, விளைச்சல் பெருகிற்று. வகையாக்குவோரும் புகையிட்ட மண்ணிலேயே தம் நாற்றுகளைத் தேர்ந்தனர். நோயே இல்லாத இடத்தில் நோயைத் தாங்கும் செடியை எவ்வாறு கண்டறிவது? உறுதிக்கும் பருமனுக்கும் விளைச்சலுக்கும் தேர்ந்தனர். மண்ணோடு மல்லாடும் வலிமையைப் பலகாலம் எவரும் பெரிதும் கேட்கவில்லை.

மீதைல் புரோமைடு வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது என்று தெரிந்தது. 1987-ல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் அது விலக்கப்படும் பொருள்களிற் சேர்ந்து, செல்வ நாடுகளில் 2005-ல் நிறுத்தப்பட்டது. கலிபோர்னிய ஸ்ட்ராபெர்ரி வயல்களோ சலுகை பெற்று 2016 வரை இழுத்தன. அதற்கிடையே 2006-ல் பியூசேரியம் என்னும் பூசணத்தால் வரும் வாடல் நோய் அம்மாகாணத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. பழம் கனத்து நிற்கும் பருவத்தில் இலை வாடி, தண்டின் உள்ளே பழுப்பேறி, செடி சரிகின்றது. நட்ட செலவும் பிளாஸ்டிக் தாட் செலவும் நீர்க்குழாய்ச் செலவும் அனைத்தும் செய்து முடித்தபின், பறிக்கும் வேளையிற் பறிகொடுப்பது எத்தகையது என்பதைக் குலை தள்ளிய வாழையைக் காற்றிற் பறிகொடுத்தவர்களுக்கு யாம் விளக்க வேண்டியதில்லை. வேறு புகைகளை இன்றும் இடுகின்றனர். வயலை ஒட்டிப் பள்ளிக்கூடங்களும் குடியிருப்புகளும் உள்ள ஊர்களில் அதனைப் பற்றிய கவலையும் ஓயவில்லை.

அறிஞர்கள் அதற்குமேற் செய்தது கவனிக்கத்தக்கது. சேர்த்து வைத்திருந்த பழைய, புதிய செடிகளை வேண்டுமென்றே நோயுள்ள மண்ணில் நட்டு, எது சாகின்றது எது பிழைக்கின்றது என்று பார்த்தனர். பிழைத்தவற்றில், ஒரே மரபணு அந்நோயைத் தடுப்பதை 2018-ல் எழுதி வெளியிட்டனர். அது எங்கோ காட்டில் மறைந்திருக்கவில்லை. உழவர் வயலில் ஏற்கெனவே நின்ற சான் ஆன்ட்ரியாஸ், போர்ட்டோலா என்னும் வகைகளிலேயே இருந்தது. பக்கத்து வயலில் மான்டரே என்னும் வகை வாடிச் சாக, இவை நின்ற காரணம் அப்போதுதான் புலனாயிற்று. ஸ்டீவ் நாப் என்பவரின் தலைமையில் 2023-ல் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலை ஐந்து புதிய வகைகளை வெளியிட்டது. அவை ஐந்தும் அவ்வாடலைத் தாங்குவன. இது மகிழத்தக்கதே. எனினும் ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்னும் ஏற்பாட்டில் எமக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. அம்மரபணுவுக்கு அடங்காத பூசண இனம் ஒன்றும் இருப்பது தெரிந்துவிட்டது. அதனைத் தாங்கும் வேறு மரபணுக்களைத் தேடும் வேலை நடந்துவருகின்றது.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது, அது உப்பு. வாட்சன்வில் இருக்கும் பஹாரோ பள்ளத்தாக்கிலும் ஆக்ஸ்னார்டு சமவெளியிலும் பல்லாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததனாற் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கின்றது. நம் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கு நேர்ந்தது இதுவே. ஸ்ட்ராபெர்ரியோ உப்புக்கு மிக அஞ்சும் பயிர்களுள் ஒன்று. நெல்லும் தக்காளியும் தாங்கும் நீரில் இதன் இலை விளிம்பு கருகிவிடும். இதில் ஒரு விந்தை உண்டு. இதன் தாயாகிய சிலி இனத்தின் காட்டுச் செடிகள், அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரையும், தெற்கே சிலியிலும், கடல் திவலை தெறிக்கும் மணற்குன்றுகளின்மீதே படர்ந்து வாழ்கின்றன. தடித்த பளபளப்பான இலையோடு, உப்புக்காற்றைப் பொருட்படுத்தாமற் பூக்கின்றன. தாய்க்கு இருந்த அவ்வலிமை, முந்நூறாண்டுத் தோட்ட வாழ்விற் பெண்ணிடம் குன்றிப்போயிற்று. ஓரிகான் மாகாணத்துக் கார்வாலிஸ் நகரில் அமெரிக்க அரசாங்கத்தார் நடத்தும் செடிக் களஞ்சியத்தில், அக்கடற்கரைக் காட்டுச் செடிகள் பலவற்றைத் தொட்டிகளில் வைத்துக் காத்துவருகின்றனர். கேட்கும் வகையாக்குநருக்கு அவற்றை அனுப்புகின்றனர். அவற்றின் பழம் சிறிது. தோட்டத்துப் பெரும்பழச் செடியோடு ஒரு தரம் கலந்தால் உப்பைத் தாங்கும் குணத்தோடு பழத்தின் சிறுமையும் சேர்ந்தே வரும். அச்சிறுமையை நீக்க இன்னும் எத்தனை தலைமுறை கலக்க வேண்டும் என்பதற்கு, வாசாட்ச் மலைச்செடியின் கணக்கே நம் கைவசம் உள்ள கணக்கு.