எழுதுமுன் ஆய்க



சென்ற ஆண்டு, குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவு தொடங்கியிருந்த நாள்களில் ஒரு மாலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தி என் இல்லத்திற்கு வந்தாள். கல்லூரியில் முதலாண்டு படிப்பவள். உழவர் குடும்பத்துப் பெண். கையில் நான்கு தாள்கள் வைத்திருந்தாள். "ஐயா, குளோனிங் வேண்டுமா, வேண்டாவா என்று கல்லூரியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். தாங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும்" என்றாள்.

வாங்கிப் படித்தேன். 'குளோனிங் இயற்கைக்கு மாறானது. ஆதலின் அதனை முற்றிலும் தடை செய்தல் வேண்டும்' என்று கட்டுரை தொடங்கிற்று. நடை நன்றாக இருந்தது. ஒற்றுப் பிழையும் இல்லை. ஆனால் நான்கு தாள்களிலும் ஓர் ஆண்டு இல்லை. ஓர் ஊர் இல்லை. மாறாக எண்ணுகிறவர் என்ன சொல்லுகிறார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

"திருத்துவதற்கு இதில் பிழை இல்லை, அம்மா. ஆனால் தேடலும் இல்லை" என்றேன்.

அவள் முகம் சற்றே வாடிற்று. பிறகு, "எங்கே தொடங்குவது, ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் கூறிய விடையையும், அதன் வழியே நானே கற்றுக்கொண்ட பாடம் ஒன்றையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். வழக்கு எதைப் பற்றியது என்று அறியாமல் தீர்ப்புச் சொல்லப் புகுவது தகாது. "உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "பூவன் வாழை இருக்கிறது, ஐயா." "அதனை விதை போட்டா வளர்த்தீர்கள்?" "இல்லை, பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டோம்." "அந்தக் கன்றுதான் குளோன்" என்றேன்.

ஆம், குளோன் என்னும் சொல் சிறு கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. 1903ஆம் ஆண்டில் வெப்பர் என்னும் அமெரிக்கப் பயிரியல் அறிஞர், விதையின்றிக் கிழங்காலும் கிளையாலும் பெருகும் செடிக் கூட்டத்தைக் குறிக்க அதனை வழங்கினார். தாய்க்குரிய மரபுப் பண்புகள் மாறாமல் மற்றோர் உயிராக அமைவதே குளோன். இதனைத் தமிழில் நகலாக்கம் எனலாம். நாம் நடும் கரும்புக் கரணையும் நகலே. மக்களுள் ஒரே கருவினின்று பிரிந்து பிறக்கும் இரட்டையரும் இயற்கை ஆக்கிய நகல்களே. 'இயற்கைக்கு மாறானது' என்னும் முதல் வரி அப்படியே நிற்க இயலாது என்பதை அவளே கண்டுகொண்டாள். இயற்கையில் உள்ளதெல்லாம் நல்லது என்றோ, இல்லாததெல்லாம் தீயது என்றோ சொல்லிவிட முடியாது. ஆதலின் அந்த வாதம் எப்பக்கத்தாருக்கும் உதவாது.

இரண்டாவது, ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடக்கும் பல பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். வாழையைப் பெருக்குவது வேறு. எருமையை நகலெடுப்பது வேறு. நோய் தீர்க்கும் உயிரணுக்களைப் பெறுவதற்காக மனிதக் கருவின் தொடக்க நிலையை ஆய்வுக்கூடத்தில் ஆக்குவது வேறு. ஒரு மனிதரின் நகலாகக் குழந்தையையே பிறப்பிக்க முயல்வது முற்றிலும் வேறு. முதலாவதை ஏற்பவர் நான்காவதை ஏற்க வேண்டுமென்பதில்லை. கட்டுரைகளில் காணும் குழப்பம் பெரும்பாலும் இப்பிரிவினை செய்யாமையால் விளைவது.

மூன்றாவது, செய்திகளை ஆண்டோடும் அளவோடும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோவை அடுத்த ராஸ்லின் ஆய்வு நிலையத்தில், 1996 ஜூலை 5ஆம் நாள் டாலி என்னும் செம்மறியாட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயதுடைய ஓர் ஆட்டின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவின் உட்கருவை, உட்கரு நீக்கிய மற்றோர் ஆட்டின் சினைமுட்டையோடு சேர்த்து உருவாக்கிய கருவினின்று அது பிறந்தது. வளர்ந்த விலங்கொன்றின் உயிரணுவினின்று பாலூட்டி ஒன்று பிறந்தது அதுவே முதன்முறை. இவ்வளவும் பலர் அறிவர். இவ்வாறு சேர்த்த முட்டைகள் 277. அவற்றுள் ஆடுகளின் கருப்பையில் வைக்கத்தக்க நிலையை எய்தியவை 29. பிறந்து வாழ்ந்தது ஒன்றே. இந்த மூன்று எண்களைக் குறித்துக்கொண்டவன், மனிதரை நகலெடுக்கலாமா என்ற வினாவுக்கு வெற்று உணர்ச்சியால் விடை கூற மாட்டான். இத்தனை தோல்விகளையும் ஒரு தாய் மீதும் சேய் மீதும் சுமத்த எவருக்கு உரிமை உண்டு என்று கேட்பான். அதுவே வலிமையுடைய வாதம்.

நம் நாட்டுச் செய்தியையும் தேடல் வேண்டும். அரியானா மாநிலத்துக் கர்னால் நகரில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் 2009 பிப்ரவரியில் எருமைக்கன்று ஒன்றை நகலாக்க முறையில் பிறப்பித்தனர். அது சில நாள்களிலேயே நோயுற்று இறந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் கரிமா என்னும் கன்று பிறந்தது. 2010இல் பிறந்த இரண்டாம் கரிமா, 2013இல் இயல்பான முறையில் தானும் ஒரு கன்றை ஈன்றது. 2023 மார்ச்சில் கங்கை என்னும் பெயரால் கிர் இனத்துப் பசுங்கன்று ஒன்றும் அங்கே பிறந்தது.

நான்காவது, சொன்னவர் யார் என்று ஆராய்தல் வேண்டும். இங்கேதான் எனக்குரிய பாடம் வந்தது. அவள் கட்டுரையில், 'டாலி பிறக்கும்போதே முதுமையோடு பிறந்தது. அதனால் விரைவில் மாண்டது' என்று ஒரு வரி இருந்தது. "இதற்குச் சான்று எது?" என்று கேட்டேன். அவள் தயங்கி, "எட்டாம் வகுப்பில் தாங்கள்தான் சொன்னீர்கள், ஐயா" என்றாள்.

உண்மை. பல ஆண்டுகளாகப் பல வகுப்புகளில் அதனைச் சொல்லியிருக்கிறேன். 2003 பிப்ரவரி 14ஆம் நாள் டாலி மாண்டபோது செய்தித்தாளில் படித்ததை, மறுமுறை பாராமல் சொல்லி வந்திருக்கிறேன். "நானும் தேடுகிறேன், நீயும் தேடு, அடுத்த ஞாயிறன்று வா" என்றேன்.

ஞாயிறன்று அவளே முந்திக்கொண்டாள். டாலியின் நுரையீரலில் கட்டி உண்டாகியிருந்தது. அது ஆடுகளுக்கு ஒருவகை வைரஸால் வருகின்ற நோய். நகலாகப் பிறந்ததால் வந்ததன்று. டாலி துன்புறாதிருக்கும் பொருட்டு மருத்துவர்களே அதன் உயிரைப் போக்கினர். டாலியின் உயிரணுக்களில் முதுமைக்குறி ஒன்று காணப்பட்டதாக 1999இல் அறிஞர் எழுதியதும் மெய்யே. அச்சம் அங்கிருந்தே பரவிற்று. ஆனால் 2016இல் இங்கிலாந்து நாட்டு நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள 13 நகல் ஆடுகளைச் சோதித்தனர். அவற்றுள் நான்கு, டாலி பிறந்த அதே உயிரணு வழியில் வந்தவை. சிலவற்றுக்கு மூட்டுத் தேய்வு இருந்ததேயன்றி, உரிய காலத்துக்கு முன் முதுமை வந்ததற்குச் சான்று காணப்படவில்லை. மறு ஆண்டில் டாலியின் எலும்புகளையே சோதித்தவர்களும், அதன் வயதுக்கு மிஞ்சிய தேய்வு இல்லை என்றனர்.

இதனை என் மாணவி படித்துக் காட்டியபோது எனக்கு நாணமும் உண்டாயிற்று, பெருமிதமும் உண்டாயிற்று. நான் பிழையாகச் சொன்னதைக் கேட்டுச் சென்ற மாணவர் எத்தனை பேரோ! அவர்களை இனித் தேடித் திருத்த இயலுமா? இவ்வுரையைக் கேட்போருள் அவர் சிலரேனும் இருப்பின், என் பிழையைப் பொறுத்துத் திருத்திக்கொள்வாராக. ஆசிரியர் சொன்னார் என்பது ஒரு செய்தி மெய்யென்பதற்குச் சான்று ஆகாது.

பேரறிஞர் சொன்னார் என்பதும் அவ்வாறே. தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்து ஹ்வாங் ஊ-சுக் என்னும் பேராசிரியர், நகலாக்கிய மனிதக் கருவினின்று உயிரணுக்களைப் பெற்றதாக 2004, 2005ஆம் ஆண்டுகளில் எழுதினார். உலகமே போற்றியது. பின்னர் அவை புனைந்துரைத்தவை என்று அவர்தம் பல்கலைக்கழகமே கண்டறிந்தது. கட்டுரைகளை வெளியிட்ட இதழ் 2006 ஜனவரியில் அவற்றை மீட்டுக்கொண்டது. ஆயினும் அவர் நகலாக்கிய நாய் மெய்யாகவே நகல்தான் என்று அதே விசாரணை உறுதி செய்தது. ஒருவர் சொன்னவற்றுள் ஒன்று பொய்யாதலால் எல்லாம் பொய்யாகா; ஒன்று மெய்யாதலால் எல்லாம் மெய்யும் ஆகா. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, மாற்றாரின் கருத்தை அவர் வாயிலாகவே அறிதல் வேண்டும். இதற்கு நம் காவிரிக் கரையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தார். அது சமண சமயத்தார் போற்றும் காப்பியம். ஐயரோ சைவ மரபில் ஊறியவர். நூலில் விளங்காத இடங்களைத் தம் ஊகத்தால் நிரப்பிக்கொள்ளாமல், அவ்வூரில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். ஏடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. எனினும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. பல ஏடுகளை ஒப்பு நோக்கி 1887இல் நூலை வெளியிட்டார். நகலும் மூலமும் வேறுபடும் என்பதை ஏட்டுச்சுவடியில் கண்டவர் அவர். உயிர்களிலும் அது மெய்யே. 2001இல் அமெரிக்காவில் நகலாகப் பிறந்த பூனைக்குட்டியின் உடல் வண்ணம் அதன் மூலப் பூனையினுடையதைப் போல் அமையவில்லை.

"இந்தியா குளோனிங்கை ஆதரிக்கிறது, 2005 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையில் தடைக்கு எதிராக வாக்களித்தது" என்று ஒரு குறிப்பை அவள் கொண்டுவந்தாள். வாக்களித்தது மெய்தான். அந்த அறிக்கைக்கு ஆதரவாக 84 நாடுகளும் எதிராக 34 நாடுகளும் நின்றன. 37 நாடுகள் நடுநிலை வகித்தன. ஆனால் எதிர்த்த நாடுகளின் காரணத்தைப் படித்தபோது உண்மை விளங்கிற்று. மனிதரைப் பிறப்பிக்கும் நகலாக்கத்தை இந்தியாவும் ஏற்கவில்லை. நோய் தீர்க்கும் ஆராய்ச்சியையும் அவ்வறிக்கையின் சொற்கள் தடுத்துவிடும் என்பதே தடையாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் மனிதரை நகலாகப் பிறப்பிப்பதை விலக்கியே வைத்துள்ளன. வாக்கை மட்டும் கண்டு காரணத்தைக் காணாவிடில் ஒரு நாட்டின்மீதே பழி சுமத்தியவராவோம்.

ஆறாவது, பொருளைச் சுருக்குதல் வேண்டும். "உலகத்தையெல்லாம் நான்கு தாளில் அடக்காதே, உன் தந்தையின் வயலோடு தொடர்புடைய ஒன்றை எடுத்துக்கொள்" என்றேன். அவள் தேடிக் கொணர்ந்தது என்னையும் வியப்பில் ஆழ்த்திற்று. வீரிய ஒட்டு நெல்லின் விதையை எடுத்து வைத்து மறுமுறை விதைத்தால் பண்புகள் பிரிந்து விளைச்சல் குன்றும். ஆதலால் உழவர் ஒவ்வொரு பருவமும் விதையை விலைக்கு வாங்க வேண்டியுள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இம்தியாஸ் கண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் முதலிய அறிஞர், நெற்பயிர் கருவுறுதலின்றியே தன் நகலை விதையாக ஈனும் வழியை 2018ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டனர். 2022இல், ஒட்டு நெல்லிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட விதைகள் நகலாக அமைந்தன என்று அறிவிக்கப்பட்டது. இது ஆய்வுக்கூடத்திலிருந்து நம் வயலுக்கு வருமாயின், ஏழை உழவரும் ஒட்டு விதையைத் தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எல்லா வயலிலும் ஒரே பயிர் நிற்குமாயின், ஒரு நோய் எல்லாவற்றையும் அழிக்கக்கூடும். குரோஸ் மிசேல் என்னும் வாழை ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்டது. அது முழுதும் ஒரே நகலாக இருந்தமையால், பனாமா வாடல் நோய் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனைப் பெருந்தோட்டங்களினின்று நீக்கிவிட்டது. அதன் இடத்தில் வந்த கேவண்டிஷ் வாழையையும் அந்நோயின் புதிய வகை தாக்குகிறது. அது இந்தியாவிலும் காணப்பட்டுள்ளது. நம் டெல்டாவுக்கே உரிய உம்பளச்சேரி மாட்டினத்துக்கும் இக்கருத்துப் பொருந்தும். சிறந்த காளை ஒன்றை நகலெடுத்தால் அதன் பண்பு நிலைக்கும். இனம் நிலைக்க, வேறுபட்ட பல மாடுகள் வேண்டும். அதற்குக் கொருக்கை போன்ற கால்நடைப் பண்ணைகளும் மாடு வளர்ப்போரும் வேண்டும்.

இன்னொரு வினாவும் அவளிடமே பிறந்தது. "நகல் விதைக்கு உரிமையாளர் யார், ஐயா? எடுத்து வைத்து விதைக்க எங்களை விடுவார்களா?" என்று கேட்டாள். 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தந்துள்ளது என்று காட்டினேன். "அந்த உரிமை நகல் விதைக்கும் நிலைக்க வேண்டும் என்பதுதான் என் கட்டுரை" என்றாள். நான்கு தாள்களைக் கொண்டு வந்தபோது அவளிடம் ஒரு முடிவு மட்டுமே இருந்தது. இப்போது அவளுக்கென்று ஒரு கேள்வி உண்டாயிற்று.

எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஒரு செய்திக்கு ஒரு சிறு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே செய்தி, கீழே அது கிடைத்த இடம், எழுதியவர், ஆண்டு. நூலை மூடிவிட்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள். பிறர் சொல்லை அப்படியே எடுத்தால் அவர் பெயரைக் கூறுங்கள். நகலாக்கத்தைப் பற்றி எழுதும் கட்டுரையே மற்றொன்றின் நகலாக இருத்தல் கூடாதன்றோ? உங்கள் கருத்துக்கு மாறான சான்று கிடைத்தால் அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அதற்கு விடை கூற இயலாவிடின், மாற வேண்டியது உங்கள் கருத்தே.

அம்மாணவி கட்டுரையை மூன்று முறை திருத்தி எழுதினாள். டாலியைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, அதன் இடத்தில், 'இதனை நான் முன்பு தவறாக அறிந்திருந்தேன்' என்று எழுதியிருந்தாள். யார் சொல்லி அறிந்தாள் என்பதை எழுதவில்லை. அவ்வளவு கருணை அவளிடம் இருந்தது. நானோ அதனை உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்லாதிருத்தல் எனக்கு அழகன்று.