ஒரே மயக்கத்தில் இரு பிணி தீர்த்தல்

(மரக்காணத்தில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலையே தொழிலாகவுடைய யாம் மருத்துவம் பற்றிப் பேசப் புகுந்தது எற்றுக்கெனச் சிலர் வினவலாம். மருந்திற்கு நான்கு உறுப்பு வகுத்த வள்ளுவனார் நோயாளியையே அவற்றுள் முதற்கண் வைத்தார். மருத்துவர் செய்வன பல. நோயாளி செய்யவேண்டுவதோ, தன் நோய் முழுவதையும் ஒளியாது உரைத்தல். அதனை வற்புறுத்தவே யாம் இங்கு நிற்கின்றோம்.

நம் கடற்கரையில் உப்பு விளைவது வெயிற்காலத்து. அந்நாட்களில் கூலி இழந்தவர் மழைக்காலத்தில் கடன்படுவர். மூட்டை சுமக்கும் ஆடவருள் குடல் இறக்கமுற்றோரை நாம் கண்டிருக்கின்றோம். பித்தப்பைக் கல்லும் கர்ப்பப்பைக் கட்டியும் ஒருங்கே உடைய பெண்டிரும் உளர். இத்தகையோர் ஓராண்டில் ஒன்றற்கும் மற்றோராண்டில் மற்றொன்றற்கும் மருத்துவமனையிற் கிடப்பாராயின், இருமுறை மயக்க மருந்து, இருமுறை செலவு, இருமுறை கூலியிழப்பு என அக்குடும்பம் படும் பாடு சொல்லுந் தரத்ததன்று.

முற்காலத்து அறுவை முறையில் இதற்கு வழி அரிதாயிருந்தது. பித்தப்பை வலப்புற விலாவெலும்பின் கீழுள்ளது, கர்ப்பப்பை அடிவயிற்றிலுள்ளது. ஒன்றற்காகக் கீறிய வாய் மற்றொன்றற்கு எட்டாது. இரண்டிடத்தும் வயிற்றைப் பெரிதாகக் கீறினால் நோயாளி தாங்குதல் அரிது.

லேப்ராஸ்கோப்பி என்னும் நுண்துளை அறுவையோ வேறு வகைத்து. தொப்புளருகே சிறு துளையிட்டுக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்வர். சிறு கேமராவொன்றை உட்புகுத்தித் திரையிற் பார்த்துக்கொண்டே, 5 அல்லது 10 மில்லிமீட்டர் அளவுள்ள வேறு துளைகளின் வழியாகக் கருவிகளை இயக்குவர். மேல்வயிற்று வேலை முடிந்தபின் கேமராவை அடிவயிற்றின் பக்கம் திருப்பி, வேண்டின் ஓரிரு துளைகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்த வேலையைத் தொடங்கலாம். ஒரே வாய்க்கால் நீரைப் பாத்திதோறும் திருப்பி விடும் நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

இதன் வரலாறும் சுவையுடைத்து. 1985 ஆம் ஆண்டில் செருமனி நாட்டு எரிக் மூயெ என்பவர் இம்முறையாற் பித்தப்பையை அகற்றினார். 1987 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் பிலிப் மூரே என்னும் மருத்துவர் மகளிர் நோயொன்றற்காக ஒரு பெண்மணிக்கு நுண்துளைச் சிகிச்சை செய்தார்; அவ்வம்மையார்க்குப் பித்தப்பைக் கல்லும் இருந்தமையின், கருவியை மேல்வயிற்றிற்குத் திருப்பி அப்பையையும் அப்பொழுதே அகற்றினார். ஆகவே இருபிணி ஒருங்கு தீர்த்தல் இம்முறையின் தொடக்கத்திலேயே உடன் தோன்றியதாம். இந்தியாவில் 1990 ஆம் ஆண்டில் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெகம்தன் உத்வாடியா இம்முறையாற் பித்தப்பையை அகற்றினார். தமிழ்நாட்டில் இம்முறையை வேரூன்றச் செய்தவருள் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு முதன்மையானவர்.

நிற்க. இரண்டை ஒருங்கே செய்யலாம் என்பதனால் எல்லார்க்கும் செய்க என்பது எம் கருத்தன்று. குடல் இறக்கத்திற்கு உள்ளே வலை வைத்துத் தைப்பர். பித்தப்பை சீழ்ப்பிடித்திருப்பின் அவ்வலையையும் கிருமி பற்றக்கூடும். அந்நிலையில் வலை வைத்தலைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்தலே நன்று. அறுவை நேரம் நீளுமாதலின் இருதய நோயும் நுரையீரல் நோயும் உடையாரை மயக்க மருத்துவர் நன்கு ஆராய்ந்தே இசைவர். தொல்லை ஒன்றுந் தாராத பித்தப்பைக் கல்லைப் பெரும்பாலும் அகற்ற வேண்டுவதில்லை. "பிள்ளைப்பேறு முடிந்தது, கூடவே கர்ப்பப்பையையும் எடுத்துவிடுங்கள்" என வீட்டார் சொல்வது பெருந்தவறு. நோயில்லா உறுப்பை மிச்சம் கருதி இழப்பது சிக்கனமாகாது.

தாய்மார்களே! அடிவயிற்று நோவையும் மிகுந்த உதிரப்போக்கையும் நாணத்தால் மறைத்து, "நெஞ்செரிச்சல்" என்று மட்டும் சொல்லித் திரும்புகின்றவர் உங்களுள் இல்லையா? ஸ்கேன் எடுக்குமுன்னரே அனைத்தையும் சொல்லுங்கள். ஆடவர்களே! உங்கள் மனைவியர் சொல்லத் தயங்கின் உடனிருந்து சொல்லத் துணைபுரியுங்கள்.

கையெழுத்திடுமுன் நான்கு கேளுங்கள்: இரண்டும் இப்பொழுதே வேண்டுவனவா? ஒருங்கே செய்வதில் எனக்குரிய இடர் யாது? துளை போதாது வயிற்றைக் கீற நேரின் என் செய்வீர்? எத்தனை வாரம் சுமை தூக்கலாகாது? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையுடையோர், அதில் இரு சிகிச்சையும் அடங்குமா என்பதனையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்வோர் பழைய சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் ஒருசேர எடுத்துச் செல்க.

மறைத்த நோயை எந்தக் கருவியும் தீர்க்காது. வாய் திறந்து சொல்லுங்கள். உடல் நலமும் உழைத்த கூலியும் உங்களிடமே தங்குக.