என் காக்காவும் இருபத்து நான்கு பங்கும்

(ஜுமுஆவுக்கு முன் பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஹம்து, ஸலவாத்துக்குப் பின்: என் மூத்த சகோதரர் மௌத்தான போது ஜனாஸாவில் கலந்து துஆச் செய்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறவே எழுந்தேன். நன்றியை மட்டும் கூறி அமர்ந்துவிட மனம் இசையவில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு ஜைத் இப்னு கத்தாப் (ரலி) என்றொரு மூத்த சகோதரர் இருந்தார். தம்பிக்கு முன்பே இஸ்லாத்தை ஏற்றவர். உஹதுப் போரில் உமர் (ரலி) தமது கவசத்தை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். ஷஹாதத்தின் மீது உமக்குள்ள ஆசை எனக்கும் உண்டு என்று அவர் மறுத்துவிட, கடைசியில் இருவருமே அதை அணியாமல் போர் புரிந்ததாக வரலாற்றில் காண்கிறோம். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த யமாமா போரில், முஹாஜிர்களின் கொடியை ஏந்தி நின்ற ஜைத் (ரலி) ஷஹீதானார்.

நெஞ்சுரத்திற்குப் பெயர்பெற்ற உமர் (ரலி), கீழைக்காற்று வீசும்போதெல்லாம் தமக்கு ஜைதின் வாசம் வருவதாகச் சொல்வார்களாம். தம் சகோதரனுக்காக இரங்கற்பா பாடிய முதம்மிம் என்ற கவிஞரிடம், எனக்குக் கவிபாட வருமாயின் நானும் ஜைதுக்காகப் பாடுவேன் என்றார்கள். உங்கள் சகோதரர் அடைந்த மரணத்தை என் சகோதரன் அடைந்திருந்தால் நான் அழுதே இருக்கமாட்டேன் என்றார் அவர். இவரைப் போல் எவரும் எனக்கு ஆறுதல் கூறவில்லை என்றார்கள் உமர் (ரலி). காற்றில் வாசம் தேடியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அண்ணன் மகன் அப்துர் ரஹ்மானுக்குத் தம் மகள் பாத்திமாவையே மணமுடித்துக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் மூத்தவரைக் காக்கா என்போம். என் காக்கா இங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வந்த பின்னும் அவர் தோளுக்கு வேலை குறையவில்லை. நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்குவது 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் நிற்கும்வரை, இராயபுரத்து மாடிகளில் உலர்த்திய துணியே கறுத்துப்போகும். அவர் சட்டையைச் சொல்லவேண்டியதில்லை. அந்த உழைப்பிலிருந்துதான் வேலூர் மதரஸாவிலிருந்த எனக்கு மாதந்தோறும் மணியார்டர் வந்தது.

அங்கே ஒருநாள் உஸ்தாத் ஒரு ஃபராயிள் கணக்குக் கொடுத்தார். பெற்றோர் இல்லாத ஒருவர் மனைவியையும், இரண்டு பெண்மக்களையும், ஒரு சகோதரரையும் விட்டு மௌத்தாகிறார். சொத்து 24 பங்கு. மனைவிக்கு எட்டில் ஒன்று, 3. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, 16. மீதி 5 சகோதரருக்கு. வகுப்பில் முதலில் சரியாகச் செய்தவன் நான். உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொள்ள, அவருடைய மனைவி இரு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதும், வாரிசுரிமை வசனம் இறங்கியதும், அண்ணலார் இதே பங்கின்படி தீர்ப்பளித்ததும் ஹதீஸில் உள்ளன.

அதே கணக்கு என் வீட்டுக்கு வந்தது. காக்காவுக்கும் இரண்டு பெண்மக்களே. மூன்றாம் நாள் உறவினர் ஒருவர், "ஆண் வாரிசு இல்லை, வீடு இனி உங்களுக்குத்தானே ஹஜ்ரத்" என்றார். ஒளிக்கவில்லை, ஒரு கணம் அந்தச் சொல் எனக்கு இனித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜனாஸாவை எடுக்குமுன் பெண்கள் என் மதினியைச் சூழ்ந்துகொண்டு, "மஹரை மன்னித்தேன் என்று சொல்லம்மா" என்றார்கள். அவரும் அழுதுகொண்டே சொன்னார். வாசலில் நின்று அதைக் கேட்ட நான் வாய் திறக்கவில்லை. மனம் விரும்பி விட்டுக்கொடுத்தாலன்றி மஹர் கடனே என்று எத்தனை நிக்காஹ் மேடைகளில் பேசியவன்! பிறகு இத்தாவில் இருந்தவரிடம் திரைக்கு அப்பாலிருந்து, அந்த வார்த்தை செல்லாது என்றேன். நிக்காஹ் தஃப்தரைப் பார்த்தோம். மூன்று பவுன், பாக்கி. கஃபன், அடக்கச் செலவு, கடைக்காரர் ஒருவரின் கடன் ஆகியவற்றோடு மஹரையும் கொடுத்த பின்னரே மீதியை 24 ஆக்கினோம். என் ஐந்தை நான் என்ன செய்தேன் என்பது எனக்கும் என் ரப்புக்கும் இடையிலிருக்கட்டும்.

என் காக்கா உங்களில் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால், தயங்காமல் என்னிடம் வாருங்கள். வல்ல ரஹ்மான் அவருடைய கபரை விசாலமாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.