ஆட்டின் இரைப்பையில் புழு சுரக்கும் இரசாயனம்



நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடு இன்று பட்டியில் எழ முடியாமல் கிடக்கிறது. கண்ணின் கீழ் இமையை விரித்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குகிறது. ஆடு வளர்ப்போர் பலருக்கும் இது பழகிய காட்சிதான். இதற்குக் காரணம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு புழு. ஹீமோங்கஸ் கண்டோர்ட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

முடிதிருத்தும் நிலைய வாசலில் சுழலும் சிவப்பு வெள்ளைக் கம்பத்தைப் போல் பெண் புழுவின் உடல் தோன்றும். சிவப்பு, அது குடித்த இரத்தம். வெள்ளை, அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் கருப்பை. ஆட்டின் நான்காவது இரைப்பையில் வாழும் இப்புழு ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலிட்டர் போய்விடும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைகளுக்கு மேல் இடவல்லது. வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் அம்முட்டைகள் ஒரு வாரத்திற்குள் நோய் பரப்பும் இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறி நிற்கும்.

மருந்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தயாபெண்டசோல் 1961இல் வந்தது. மூன்றே ஆண்டுகளில் அதற்கு அடங்காத புழுக்கள் தென்பட்டன. 1980களில் ஐவர்மெக்டின் வந்தது. அதைத் தந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் புழு அதையும் தாங்கப் பழகிக்கொண்டது. மலேசியாவின் சபா மாநில அரசுப் பண்ணைகளில் சோதித்த மருந்துகள் அனைத்தும் தோற்றதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது.

ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு கேள்வியை எழுப்பினர். ஆட்டின் உடலில் நோயெதிர்ப்பு ஆற்றல் இருந்தும் இப்புழு எப்படிப் பிழைக்கிறது? விடையின் ஒரு பகுதி, அது வெளியிடும் கழிவிலும் சுரப்பிலும் இருக்கிறது.

அறுக்கப்பட்ட ஆட்டின் இரைப்பையிலிருந்து உயிருள்ள புழுக்களை எடுத்துக் கழுவி, சத்துநீரில் சில மணி நேரம் விடுகிறார்கள். அவை வெளியிடும் பொருள்கள் அந்த நீரில் சேர்கின்றன. பிறகு ஒவ்வொரு புரதமாகப் பிரித்து அடையாளம் காண்கிறார்கள். 2013இல் இப்புழுவின் மரபணு வரைபடம் வெளியானபின் இப்பணி எளிதானது.

அந்தச் சுரப்பில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தை இந்திய ஆய்வாளர்கள் 2005இல் விவரித்தனர். கடித்த இடத்தில் இரத்தம் உறையாவிட்டால் புழுவுக்கு உணவு தடையின்றிக் கிடைக்கும். அதே புரதம் ஆட்டின் நோயெதிர்ப்பையும் மழுங்கச் செய்யக்கூடும். முயலின் இரைப்பைச் சுரப்பிகள் மீது இச்சுரப்பை இட்டபோது, அமிலம் சுரக்கும் வேலை தடைப்பட்டதும் 2002இல் தெரியவந்தது. அமிலம் குறைந்தால் ஆடு உண்ட புரதம் சரியாகச் செரிக்காது. ஆடு இளைப்பதற்கு இரத்த இழப்பு மட்டும் காரணமன்று.

இச்சுரப்புப் புரதங்களையே தடுப்பூசியாக்கும் முயற்சியும் நடந்தது. புழுவிலிருந்து நேரடியாக எடுத்த புரதங்கள் பலனளித்தன. பாக்டீரியாவில் தயாரித்த நகல்கள் அவ்வளவு பலனளிக்கவில்லை. இயற்கைப் புரதத்தின் வடிவமும் அதனோடு ஒட்டிய சர்க்கரையும் நகலில் இல்லாதது காரணம் எனக் கருதப்படுகிறது.

2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த பார்பர்வாக்ஸ் தடுப்பூசி வேறு வழியில் சென்றது. புழுவின் குடற்சுவரில் மறைந்திருக்கும் புரதங்களிலிருந்து அது செய்யப்படுகிறது. ஊசி போட்ட ஆட்டின் இரத்தத்தைக் குடிக்கும்போது, அதிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் புழுவின் குடலைத் தாக்குகின்றன. ஆயினும் ஒரு பருவத்தில் பலமுறை ஊசி போட வேண்டும். மூலப்பொருளும் ஆடுகளில் வளர்த்த புழுக்களிலிருந்தே கிடைக்கிறது. மலிவான செயற்கைத் தடுப்பூசிக்கான தேடல் இதனால்தான் தொடர்கிறது.

அதுவரை இருக்கும் மருந்தைக் காப்பதே அறிவுடைமை. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையுடன் கண் இமையின் நிறத்தை ஒப்பிட்டு, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம். ஆட்டின் எடையறிந்து முழு அளவு கொடுக்க வேண்டும். அரைகுறை மருந்து, வலுத்த புழுக்களை மட்டும் மிச்சம் வைத்து வளர்த்துவிடும்.