அம்புக்குறி இல்லாத உலகம்: ஜப்பானிய, மேற்கத்திய ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது. ஸ்பாய்லர் வரும் இடத்தில் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது.)

கேம் பத்திப் பேசுற எந்த வாட்ஸ்அப் குரூப்பா இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை இந்தச் சண்டை வந்துடும். "ஸ்கைரிம் பெருசா, எல்டன் ரிங் பெருசா?" "விட்சர் கதை முன்னாடி ஜெல்டாவெல்லாம் ஒரு கதையா?" இன்னைக்கு அதுக்குத் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாப் படுற கேள்வி ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் 'சுதந்திரம்'ங்கிற ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் நம்மகிட்ட கேமை விக்கிறாங்க. அது எந்தச் சுதந்திரம்?

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். மேற்கத்திய ஆர்பிஜிகள் பெரும்பாலும் கொடுத்தது முடிவெடுக்கிற சுதந்திரம். நீ யாரு, யார் பக்கம் நிக்கிற, யாரைக் கைவிடுற. ஜப்பான்ல இருந்து 2017க்குப் பிறகு வந்த பெரிய கேம்கள் கொடுத்தது கண்டுபிடிக்கிற சுதந்திரம். எங்க போற, என்ன பார்த்த, அதை வெச்சு என்ன புரிஞ்சுக்கிட்ட.

இது சும்மா வாதத்துக்குச் சொல்றதில்லை. வேலை முடிச்சு, சாப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உட்காந்தா நமக்குன்னு கிடைக்கிறது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் விளையாட்டா இருக்குமா, இல்ல ஆபீஸ் மாதிரியே இன்னொரு வேலைப் பட்டியலா ஆயிடுமாங்கிறது இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

ஒரே தாத்தா, ரெண்டு வீடு

1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டாங்க. காகிதம், பகடை, நாலு நண்பர்கள். கதை நடத்த டஞ்சன் மாஸ்டர்னு ஒருத்தர். நீங்க என்ன கிறுக்குத்தனமா யோசிச்சாலும் அவர் அதுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். "காவல்காரனோட சண்டை போடமாட்டேன், லஞ்சம் கொடுக்கிறேன்"னு சொன்னா, சரி, எவ்வளவு கொடுக்கிறன்னு கேட்பார்.

மேற்கத்திய ஆர்பிஜியோட வரலாறே அந்த டஞ்சன் மாஸ்டரைக் கம்ப்யூட்டருக்குள்ள உட்கார வைக்கிற முயற்சிதான். 1981ல அல்டிமாவும் விசர்ட்ரியும் வந்தது. அங்கிருந்து ஒரு நேர்கோடு மோரோவிண்ட், ஸ்கைரிம், விட்சர் வரைக்கும் வருது.

ஜப்பான்ல யூஜி ஹோரீ அதே விசர்ட்ரிக்கு ரசிகர். அவர் கையில இருந்தது வேற கூட்டம். கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத, வீட்டுல ஃபேமிகாம் வெச்சிருக்கிற பசங்க. அந்தக் கன்ட்ரோலர்ல இருக்கிறது ஒரு திசைப் பட்டனும் ரெண்டு ஆக்‌ஷன் பட்டனும். நூறு கமாண்டைக் கீபோர்டுல அடிக்கிற விளையாட்டு அங்க நடக்காது. அதனால அவர் எல்லாத்தையும் எளிமையாக்கினார். அகிரா டோரியாமா படம் வரைஞ்சார். 1986 மே மாசம் டிராகன் குவெஸ்ட் வந்தது. கதாநாயகன் யாருன்னு கேமே சொல்லிடும். கதையை நல்லா சொல்றதுதான் அங்க கலை.

இப்படி ஒரே தாத்தாவோட பேரன்கள் ரெண்டு வீட்டுல வளர்ந்தாங்க. ஒரு வீட்டுல 'நீ என்ன பண்ணுவ?'ன்னு கேட்டாங்க. இன்னொரு வீட்டுல 'உட்காரு, ஒரு கதை சொல்றேன்'னாங்க.

அந்தச் சின்ன அம்புக்குறி

இப்ப மேற்குல நடந்த ஒரு விஷயத்துக்கு வருவோம். 2002ல மோரோவிண்ட். ஆரம்பத்துலயே உங்ககிட்ட ஒரு வேலை கொடுப்பாங்க: பால்மோரா ஊருக்குப் போய் கையஸ் கொசேட்ஸ்னு ஒருத்தரைக் கண்டுபிடி. எந்த வீடுன்னு தெரியலையா, சவுத் வால் கார்னர்கிளப்ல விசாரி. அவ்வளவுதான். மேப்ல புள்ளி கிடையாது. நம்ம ஊர்ல டீக்கடையில வழி கேட்கிற மாதிரி, 'பாலம் தாண்டி இடது பக்கம்'னு சொல்லுவாங்க, நீங்க பாலத்தைத் தேடணும். தேடும்போது வேற எதையாவது பார்த்துட்டு, போன வேலையையே மறந்துடுவீங்க.

2006ல அதே பெதெஸ்டாவோட ஒப்லிவியன் வந்தது. திரையில ஒரு காம்பஸ், அதுல உங்க அடுத்த வேலை இருக்கிற திசைக்கு ஒரு குறி. வசதிதான், மறுக்கலை. மோரோவிண்ட்ல வழி தெரியாம வெறுத்துப்போய் விட்டவங்களும் நிறைய பேர். ஆனா குறி வந்ததும் இன்னொண்ணும் நடந்தது. எழுதுறவங்க வழி சொல்றதை நிறுத்திட்டாங்க. 2011ல ஸ்கைரிம்ல நிறைய குவெஸ்ட்ல, எங்க போகணும்னு யாரும் வாயால சொல்றதே இல்லை. குறி சொல்லிடும்ல?

"செட்டிங்ஸ்ல போய் மார்க்கரை ஆஃப் பண்ணிட்டா ஜப்பான் கேம் மாதிரி ஆயிடுமே"ன்னு சிலர் சொல்றாங்க. பல கேம்கள்ல ஆகாது. ஆஃப் பண்ணிட்டா கண்ணு தெரியாம நிப்பீங்க, ஏன்னா அந்த உலகம் குறியை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கு. குறிக்குப் பதிலா உங்களைக் கூட்டிட்டுப் போக அங்க வேற எதுவும் வைக்கலை.

விட்சர் 3ல கடல் பகுதியான ஸ்கெலிகேவோட மேப்பைத் திறந்து பாருங்க. கடல் முழுக்கக் கேள்விக்குறி. படகை எடுத்துட்டுப் போனா, முக்காவாசி ஒரே மாதிரி கடத்தல்காரங்க சரக்கு. அவ்வளவு அழகான கேம்ல அந்தப் பகுதி மட்டும் வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும்.

மலைக்குப் பின்னாடி என்ன?

2017 மார்ச்ல நின்டெண்டோவோட பிரெத் ஆஃப் தி வைல்ட். ஜெல்டாவை ஆர்பிஜின்னு சொல்லலாமானு தனியா ஒரு சண்டை இருக்கு, அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். அந்த டீம், ஜப்பான்ல நடந்த டெவலப்பர் மாநாட்டுல தங்களோட ஒரு உத்தியை விளக்கினாங்க. முக்கோணம். நிலத்துல எங்க பார்த்தாலும் சின்னது, நடுத்தரம், பெருசுன்னு முக்கோண வடிவங்கள். ஒரு குன்று முன்னாடி வந்தா உங்களுக்கு ரெண்டு வழி: ஏறிப் போகலாம், சுத்திப் போகலாம். அதோட குன்று பின்னாடி இருக்கிறதை மறைக்கும். பாதி தெரியிற கோபுரம், கொஞ்சம் தெரியிற புகை. பார்த்தா போகாம இருக்க முடியுமா?

டவர் ஏறினா மேப் திறக்கும், ஆனா நிலத்தோட வடிவம் மட்டும்தான் தெரியும். என்னென்ன இருக்குன்னு கேம் நிரப்பித் தராது. டெலஸ்கோப் மாதிரி ஒண்ணுல பார்த்து, நீங்களே குறி வைக்கணும். நல்லாக் கவனிங்க. இங்கயும் குறி இருக்கு. அதை வைக்கிறது நீங்க.

அடுத்து எல்டன் ரிங், 2022 பிப்ரவரி. வெளியில வந்த உடனே பாதையில குதிரை மேல தங்கக் கவசத்தோட ஒருத்தன் சுத்திட்டு இருப்பான். ட்ரீ சென்டினல். எதிர்ல போனா ரெண்டு அடியில காலி. அதான் முதல் பாடம்: இந்த உலகத்துல எதையும் இப்பவே முடிக்கணும்னு இல்லை, சுத்திக்கிட்டுப் போ. கொஞ்ச தூரத்துல ஒரு பாழடைஞ்ச இடத்துல பெட்டியைத் திறந்தா, புகை வந்து உங்களைக் கேலிட்ங்கிற பயங்கரமான ஊர்ல இருக்கிற சுரங்கத்துக்குள்ள தூக்கிப் போட்டுடும். யாரும் எச்சரிக்கலை. ஆனா அங்கிருந்து உயிரோட தப்பிச்ச கதையை நீங்க பத்து பேர்கிட்ட சொல்லுவீங்க.

இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி பேட்டியில சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன வயசுல வீட்டுல புத்தகம் வாங்க வசதியில்லாம, நூலகத்துல தன் வயசுக்கு மீறின புத்தகங்களை எடுத்துப் படிப்பாராம். பாதி புரியாது. புரியாத பாதியைக் கற்பனையில நிரப்பிக்குவாராம். அவரோட கேம்கள் எல்லாமே அந்தப் பையனோட வாசிப்பு மாதிரித்தான் இருக்கு. பாதியை அவர் தர்றார், மீதியை நம்மகிட்ட விட்டுடறார்.

ஜப்பான் பக்கம் இல்லாதது

அப்ப ஜப்பான்தான் ஜெயிச்சதான்னு கேட்டா, இல்லை. (இங்க விட்சர் 3 ஸ்பாய்லர். வேண்டாதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிடுங்க.)

விட்சர் 3ல பிளடி பேரன்னு ஒருத்தர். குடிகாரர், மனைவியை அடிச்சவர். மனைவியும் மகளும் காணோம், கண்டுபிடிச்சுக் கொடுன்னு நம்மகிட்ட கேட்கிறார். அவர்மேல கோபம் வரும், கொஞ்ச நேரத்துல பாவமாவும் இருக்கும். இன்னொரு பக்கம் ஒரு மரத்துல அடைபட்ட ஆவியை விடுறதா, அழிக்கிறதான்னு ஒரு முடிவு. விட்டா அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறாங்க, ஆனா பேரனோட குடும்பம் நாசமாகுது. அழிச்சா அப்படியே தலைகீழ். முடிவெடுக்கும்போது இது எதுவும் நமக்குத் தெரியாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் விளைவு வந்து நிக்கும்.

இந்த மாதிரி ஒரு கனம் பிரெத் ஆஃப் தி வைல்ட்ல கிடையாது. நீங்க நல்லவரா கெட்டவரான்னு அந்த உலகம் கேட்கிறதே இல்லை. எல்டன் ரிங்ல பலவிதமான முடிவுகள் இருக்கு, ஆனா வழியில சந்திக்கிற மனுஷங்களோட கதை கண்ணுக்குத் தெரியாமலே கைநழுவிப் போயிடும். புகார் எவ்வளவு வந்ததோ, 2022 மார்ச்லயே ஒரு அப்டேட் விட்டாங்க, சந்திச்ச கதாபாத்திரங்களை மேப்ல காட்டுறதுக்கு. குறியே வேண்டாம்னு இருந்தவங்களும் கொஞ்சம் குறி வெச்சாங்க.

வேலி எங்க இருக்கு?

நாட்டைச் சொல்லிப் பிரிக்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஃபைனல் ஃபேண்டஸி 16 தயாரிப்பாளர் நவோகி யோஷிடா 2023ல சொன்னார், 'ஜேஆர்பிஜி'ங்கிற வார்த்தை முதல்ல வந்தப்ப அது தங்களை மட்டம் தட்டுற மாதிரி இருந்ததுன்னு. நியாயம்தான். ஜப்பான்ல ஃபாமிட்சு பத்திரிகையோட முழு மதிப்பெண், நாற்பதுக்கு நாற்பது, வாங்கின முதல் மேற்கத்திய கேம் ஸ்கைரிம். எல்டன் ரிங்கோட புராணத்தை எழுத உதவினது அமெரிக்கரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்.

2020ல வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமா ஜப்பான்ல, 1274 மங்கோலியப் படையெடுப்பு சமயத்துல நடக்குது. செஞ்சது அமெரிக்க ஸ்டூடியோ. அதுல அம்புக்குறிக்குப் பதிலா காத்து. போக வேண்டிய திசையில காத்து அடிக்கும், புல்லு சாயும். நீங்க மேப்பைப் பார்க்கலை, புல்லைப் பார்க்கிறீங்க. அந்தத் தீவோட நகராட்சியே அதன் இயக்குநர்கள் ரெண்டு பேரையும் சுற்றுலாத் தூதுவர்களா அறிவிச்சது.

ஆக, என் கணக்கு இவ்வளவுதான். ஒரு கேம் எந்த நாட்டுல செஞ்சதுன்னு பார்க்காதீங்க. விளையாடும்போது உங்க கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க. மூலையில இருக்கிற மினிமேப்லயா, உலகத்துலயா? முடிவெடுக்கும்போது கை தயங்குதா, இல்ல எக்ஸ் பட்டனைத் தட்டிக்கிட்டே போகுதா? கண்ணும் உலகத்துல இல்லை, கையும் தயங்கலைன்னா, எழுபது மணி நேரம் கொடுத்து நீங்க பண்ணிட்டு இருக்கிறது டேட்டா என்ட்ரி.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. இப்ப விளையாடிட்டு இருக்கிற கேம்ல அரை மணி நேரம் மார்க்கரை எல்லாம் அணைச்சுட்டு நடந்து பாருங்க. உலகம் உங்களைக் கூட்டிட்டுப் போச்சா, கைவிட்டுடுச்சா? கேம் பேரோட கமென்ட்ல போடுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.