அடுக்களையில் குழந்தைச் செல்வங்கள்



தீபாவளி வந்துவிட்டால் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா நகரிலும் இல்லந்தோறும் பலகாரம் சுடுகிறோம். அன்று தோட்டத்து லயங்களில் தரையில் கல் கூட்டி விறகு மூட்டினர். நெருப்பு பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று எரிவாயு அடுப்பு மேடைமேல் உள்ளது. கீழே நிற்கும் மழலைக்குத் தெரிவதோ வாணலியின் கைப்பிடி மட்டுமே. அதை எட்டி இழுத்தால் கொதிக்கும் எண்ணெய் மேலே கவிழும்.

ஆகவே, கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். அடுப்பிலிருந்து மூன்றடிக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். முறுக்கு வேகும் எண்ணெய் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. அடுப்பை அணைத்தாலும் விரைவில் ஆறாது. ஆறுமுன் தரையில் இறக்கி வைக்காதீர்கள். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

சுட்டுவிட்டால் பற்பசையோ கிச்சாப்போ பூச வேண்டா. புண்ணின்மேல் குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். அவசர உதவிக்கு எண் 999.

பிள்ளைகளை விரட்டவும் வேண்டா. மாவு பிசையவும் உருண்டை பிடிக்கவும் தள்ளியுள்ள மேசையில் அமர்த்துங்கள். அடுப்பருகே பெரியவர் ஒருவர் அகலாது நிற்கட்டும். இறைவனுக்குப் படைக்கும் பலகாரத்தில் குழந்தையின் கண்ணீர் கலவாதிருப்பதாக!