கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்



பட்டமளிப்பு விழாவிலே பேசுகிறவர்கள் தேச சேவையைப் பற்றியும் விஞ்ஞானத்தின் மகிமையைப் பற்றியும் பேசுவது சம்பிரதாயம். முப்பத்தைந்து வருஷ காலம் ஒரு வங்கியின் கிளைகளில் உட்கார்ந்து பிறருடைய பணத்தை எண்ணி எண்ணியே தலை நரைத்தவன் நான். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயமாகிய பணத்தைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன். சபையிலே பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று எண்ணும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அந்தக் கூச்சம் பெரும்பாலும் கடன் கேட்க வேண்டிய தினம் வரையில்தான் நீடிக்கும் என்பது என் அநுபவம்.

செல்வன் ஒரு விதமாகச் சிந்திக்கிறான், தரித்திரன் வேறு விதமாகச் சிந்திக்கிறான், ஆகவே சிந்தனையை மாற்றிக்கொண்டால் செல்வம் தானே வந்து சேரும் என்று இக்காலத்தில் ஒரு பிரசங்கம் எங்கும் நடந்துவருகிறது. கைப்பேசியைத் திறந்தால் அந்த உபதேசம் செய்யாத மனிதர் இல்லை. அதில் பாதி உண்மை என்பதை நான் மறுக்க மாட்டேன். மற்றப் பாதியோ பொய் என்பதோடு கொஞ்சம் கொடுமையும் கலந்தது என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு, நாம் கூடியிருக்கும் இந்தச் செட்டிநாட்டுச் சீமையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

இந்தப் பக்கத்து வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஓர் உத்தியோகம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சொந்தக்காரர் கடையாகவே இருந்தாலும், முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பேனாவைத் துடைத்துக்கொடுப்பதும், பெருக்குவதும், வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதும், பெரியவர்கள் வட்டி கூட்டுவதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பதுமாகச் சில வருஷங்களைக் கழிக்க வேண்டும்; பின்னர் அடுத்தாள் ஆகி, அதற்கும் பின்னரே மேலாள் ஆகி, கொண்டுவிற்கப் போகிறான் என்று ஊரார் சொல்ல, மூன்று வருஷத் தவணையில் இரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ கப்பலேறுவான். நாள் முடிவில் பெட்டியிலிருக்கும் ரொக்கமும் சிட்டையிலிருக்கும் எழுத்தும் காலணா பிசகினாலும், பிசகு அகப்படும் வரையில் யாரும் இலைக்கு முன் உட்காரக் கூடாது என்று அந்தக் கடைகளில் இருந்த பெரியவர்கள் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். காலணாவுக்காக அல்ல அந்தப் பட்டினி. இன்று காலணாவைக் கண்டும் காணாமல் விட்ட கண், நாளைக்கு ஆயிரத்தையும் அப்படியே விட்டுவிடும் என்ற பயந்தான் அதற்குக் காரணம். சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு, பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கு என்று அவர்கள் எழுதிய கணக்கில் தர்மத்துக்கென்று மகமைக்கும் ஒரு பற்றுவரவு தனியாக இருந்தது. மிஞ்சினால் கொடுப்பது என்றில்லாமல், மிச்சம் எது என்று கணக்கிடுவதற்கு முன்பே அதை எடுத்துவைத்துவிடுவார்கள்.

அந்தப் பழக்கத்தின் பலனை நீங்கள் சுற்றுமுற்றும் பார்க்கலாம். 1937-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்துவைத்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியாரும், சுதந்திரம் வந்த 1947-இலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக்கொடுத்த அழகப்பரும் அந்தப் பெட்டியடி மரபின் வழியில் வந்தவர்களே.

இவ்வளவோடு நான் நிறுத்திக்கொண்டால் பிரசங்கம் அழகாக முடிந்துவிடும். ஆனால் சரித்திரம் இவ்வளவோடு நிற்கவில்லை. உலகெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டு 1930-இல் நெல் விலை சரிந்தபோது, இந்த வட்டிக்கடைகளில் வாங்கிய கடனைப் பர்மிய உழவனால் கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடான நிலம், வாங்க விருப்பமே இல்லாத லேவாதேவிக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார்களின் நிலம் 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. சேற்றில் இறங்கத் தெரியாதவர்கள் கழனிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கழனியிலேயே பிறந்தவன் குத்தகைக்காரன் ஆனான். பிறகு 1942-இல் ஜப்பானியர் நுழைந்தார்கள். 1948-இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமாக்கச் சட்டம் செய்தது. காலணாவுக்குப் பட்டினி கிடந்து சேர்த்த ஆஸ்தி பல குடும்பங்களில் கைவிட்டுப் போயிற்று. அந்தப் பேரேடுகளில் ஒரு கூட்டல் பிழைகூட இருந்திராது. நிலத்தை இழந்த அந்தப் பர்மிய உழவனை அழைத்து, உன் மனப்பான்மை சரியில்லாததால்தான் நீ ஏழையானாய் என்று சொல்லியிருந்தால், அவன் என்ன விடை சொல்லியிருப்பான் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

யோசிக்கும்படி எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஒரு ஸ்திரீ. தென்னார்க்காட்டில் கரும்பு விளையும் பிரதேசத்தில் நான் வேலை பார்த்தபோது, ஒரு விவசாயியின் மனைவி வருஷந்தோறும் ஆனி, ஆடியில் இரண்டரைப் பவுன் சங்கிலியை நகைக் கடனுக்குக் கொண்டுவருவாள்; தை, மாசியில் மீட்டுப் போவாள். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு தடவையும் அதை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துத் தராசில் வைப்பார். ஆறாவது வருஷம் பழைய சீட்டுகளை அடுக்கிவைத்துப் பார்த்தபோது, அந்தச் சங்கிலி ஏறத்தாழ 100 மில்லிகிராம் குறைந்திருந்தது. கழுத்தில் தேய்ந்தது பாதி, எங்கள் கல்லில் தேய்ந்தது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்பொழுது இளைஞன். உபதேசம் செய்வதில் பிரியம் அதிகம். "ஏம்மா, கையிலே காசு இருக்கும்போதே கொஞ்சம் ஒதுக்கிவைத்தால் வருஷா வருஷம் இந்த வட்டி எதற்கு?" என்று கேட்டேன். அவள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "ஆலைக்காரன் வெட்டு உத்தரவு குடுத்துட்டா நான் ஏன் சார் இந்தப் படி ஏறப் போறேன்?" நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

அவள் ஒரே வாக்கியத்தில் சொன்னதைப் பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர், விழுப்புரத்தைச் சுற்றிய கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஆலையின் முறைப்படி ஒருவனுக்கு இந்த மாதமும் பக்கத்து வயல்காரனுக்கு மூன்று மாதம் தள்ளியும் வெட்டு வருவதால், பருவத்தையும் பணமுடையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் அடகு வைத்திருந்தார்கள். பின்னால் நூற்றுக்கு 4 பேரே. விசேஷம் அதுவல்ல: அதே மனிதன், அதே மூளை, பணமுடை மாதத்தில் புத்தி சம்பந்தமான சோதனைகளில் மந்தமாகவும், பணம் வந்தபின் சுறுசுறுப்பாகவும் இருந்தான். தரித்திரன் யோசனையில்லாதவன் என்று நாம் சொல்கிறோம். யோசிக்க வேண்டிய புத்தியைத் தரித்திரமே முன்கூட்டித் தின்றுவிடுகிறது என்பதை அந்தப் பரீட்சை காட்டிற்று. பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் நல்குரவுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதையும், அதில் வறியவனைக் கண்டிப்பதைவிட வறுமை ஒருவனை என்ன பாடு படுத்துகிறது என்பதையே பெரிதும் எடுத்துரைத்தார் என்பதையும் இங்கே நினைவூட்ட ஆசைப்படுகிறேன்.

அப்படியானால் பழக்கத்தினால் பிரயோஜனமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் அது யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கரும்பு விவசாயிக்கு வருஷத்தில் ஒரு தடவை வரும் பணம், உங்களில் பெரும்பாலோருக்கு இனி மாதந்தோறும் வரப்போகிறது. சம்பளம் வரும் தேதி நிச்சயமாகத் தெரிந்தவனுக்குப் பழக்கத்தை அமைத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. அதை அமைத்துக்கொள்ளாமல், தேதி தெரியாதவனைப் பார்த்துச் சிக்கனம் போதிப்பதுதான் எனக்குப் பொறுக்காத காரியம்.

என் வரையில், இல்லாதவனுக்கும் இருக்கிறவனுக்கும் உள்ள பேதத்தைச் சம்பள எண்ணைவிடக் கையிருப்பே அதிகமாகத் தீர்மானிக்கிறது. கையிருப்பு உள்ளவனுக்குக் காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல் மாத்திரமே. இல்லாதவனுக்கு அது காய்ச்சலும், கடனும், மேலதிகாரியிடம் முன்பணம் கேட்கும் அவமானமும் ஆகிறது. கடைத்தெருவில் தண்டல் வாங்கும் காய்கறிக்காரரைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க் கடனில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 கொடுப்பார்கள். தினம் பத்து ரூபாயாக நூறு நாளில் ஆயிரமும் வசூலாகிவிடும். நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். தினந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்த்தால் அது வருஷத்துக்கு 75 சதவீதத்தைத் தாண்டும் வட்டி. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கூடைத் தக்காளிக்கான முதல். அந்த ஒரு கூடை முதல் கையில் இல்லாத குற்றத்துக்கு அவர் வாழ்நாள் முழுவதும் அபராதம் கட்டுகிறார்.

அவரைப் பார்த்து இரங்கும் நீங்கள், கிரெடிட் கார்டு என்ற பெயரில் அதே தண்டலைக் குளிர்பதன அறையில் வாங்கப்போகிறீர்கள். 50,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி என்றால் 1,750 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று அவர்கள் பெரிய மனத்தோடு அச்சிட்டுத் தரும் 2,500 ரூபாயை நீங்கள் தவறாமல் கட்டினாலும், அசலில் குறைவது 750 ரூபாயே. வரி முதலிய உபரிகள் வேறு. எங்கள் ஊரில் மூன்றரை ரூபாய் வட்டிக்கு விடுகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவனுக்கு வேறு பட்டப்பெயர் உண்டு.

மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போகிறவர் அது வந்த அன்றே 2,500 ரூபாயைத் தொடர்வைப்பிலோ வேறு எதிலோ கண்ணில் படாமல் ஒதுக்கிவிட்டால், மூன்று மாதச் செலவுக்கான கையிருப்புச் சேர இரண்டேகால் வருஷம் பிடிக்கும். இரண்டேகால் வருஷம் நீண்ட காலந்தான். அதற்குள் இரண்டு தீபாவளியும், நான்கைந்து சிநேகிதர் கல்யாணமும், நிச்சயமாக ஒரு புதுக் கைப்பேசியும் வரும். முதல் சம்பளத்தில் தாயாருக்குப் புடைவை எடுத்துக்கொடுங்கள். அதை மிச்சம் பிடிக்கச் சொல்லும் பொருளாதாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் தாயார்கள்தான் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் சிறுவாடு சேர்த்து, உங்களில் எத்தனையோ பேருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவர்கள். கையிருப்பு என்றால் என்ன என்பதை அவர்களுக்கு எந்தச் சர்வகலாசாலையும் கற்பிக்கவில்லை. மற்றபடி, சிநேகிதனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போடும்போது அந்தக் கடன் முழுவதும் உங்களுடையதே என்று எண்ணிப் போடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து அழுதவர்களின் தொகை சொல்லி மாளாது.

என் தகப்பனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். நாற்பது வருஷம் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின், 40 பக்க நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, வெற்றிலை பாக்கு உள்பட அன்றைய செலவை எழுதினார். எழுதியதனால் அவர் செல்வந்தர் ஆகிவிடவில்லை. நான்கு பெண்களைக் கட்டிக்கொடுத்தார், தாயாரின் வியாதிக்கு மூன்று வருஷம் வைத்தியம் பார்த்தார், அவ்வளவே. 1991-இல் அவர் காலமானபின், பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். "பால் 14 நாள், 42 ரூபாய், கொடுக்க வேண்டியது" என்று கொஞ்சம் நடுங்கிய எழுத்தில் இருந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு பால்கார அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாட்டுக் கொட்டகையின் சுவரில் எங்கள் வீட்டுக்கென்று கரியால் கோடு போட்டுவைத்திருந்தாள். நான் தொகையைச் சொல்வதற்கு முன்பு அவள் விரல் வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன். 14 கோடு இருந்தது. பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத் துணியால் அந்தக் கோடுகளைத் துடைத்தாள்.